நின்றுபோன மொறிஸ் மைனரின் புத்தகம்: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, ஒருத்தர் வந்து நிக்கிறார். கார் வேண்டாமாம், புத்தகத்தை மட்டும் தரட்டாம். நல்ல காசு சொல்றார். குடுக்கலாமோ?"

சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து இலங்கையில் பதிவுள்ள எந்த வாகனத்துக்கும் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அன்ரியின் கராஜில் 1999இலிருந்து நின்ற மொறிஸ் மைனரின் உடம்பு அவருக்குத் தேவையில்லை. பதிவுச் சான்றிதழ் (அதைத்தான் புத்தகம் என்கிறோம்), இலக்கத் தகடு, எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புச் சுவராக நிற்கும் பயர்வாலில் இருக்கும் சின்னத் தகடு, இந்த மூன்றும் போதும் என்றார். அந்த மூன்றும் வேறொரு காரில் ஏறினால், அன்ரியின் செத்துப்போன கணவரின் பெயரில் ஒரு கள்ளக் கார் கொழும்பில் ஓடும். அது யாரையாவது இடித்தால் பொலிஸ் தேடிவருவது அன்ரியின் விலாசத்துக்கு. இதை அவர் முன்னாலேயே அன்ரிக்குச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மெக்கானிக் இல்லை. விண்ணப்பம், மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அன்று மாலையே ரொறன்ரோவிலிருந்து மகன் கதைத்தார். அப்பாவின் காரைத் திரும்ப ஓடவைக்க வேண்டும், காசு அனுப்புகிறேன், நல்ல கராஜ் ஒன்று பாருங்கோ அண்ணை என்றார். கராஜ் பிறகு பார்ப்போம், முதலில் கடதாசி என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் போனதால்தான் இந்த வேலை பதினேழு மாதத்தில் முடிந்தது. கடதாசியை நேராக்குவதற்குக் கார் ஓடவேண்டியதில்லை, ஆனால் கார் முழுதாக இருக்கவேண்டும். கழற்றிப் பிரித்து, தகரம் வெட்டி, பெயின்ட் அடித்த பிறகு இலக்கம் தேடத் தொடங்குகிறவர்கள் படும் பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருந்தவை

கார் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நான்கு கதவு. அன்ரியின் கணவர் (நான் ஐயா என்று சொல்பவர்) 1968இல் இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்ரீ இலக்கம், அதாவது தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும். 1958இல் எங்கள் ஊர்களில் தார் பூசி எதிர்த்த எழுத்து அது. ஐயாவும் அந்தப் போராட்டத்தில் வாளியோடு நின்றவர் என்று அன்ரி சொன்னார். பத்து வருடம் கழித்து அதே எழுத்துள்ள காரை வாங்கி, முப்பது வருடம் கழுவித் துடைத்திருக்கிறார்.

ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் பின்வருவன இருந்தன: பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, 1999ஆம் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் (வருடாவருடம் எடுக்கும் வரிப்பத்திரம்), 2000, 2001 ஆண்டுகளுக்கு "கார் பாவனையில் இல்லை" என்று கொடுத்த அறிவித்தல்களின் நகல்கள், காலாவதியான காப்புறுதி அட்டை, பெற்றோல் கணக்கு எழுதிய இரண்டு கொப்பிகள். மூலப்பிரதி இருந்தது பெரிய ஆறுதல். அது தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, சத்தியக்கடதாசி, மறுபிரதி விண்ணப்பம் என்று ஒரு தனி வழி போகவேண்டியிருக்கும்.

புத்தகத்தில் ஐயாவின் பெயர்தான் இன்னும் இருந்தது. அவர் 2009இல் காலமானவர். முழு உரிமையாளர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதாவது வங்கிக்கோ லீசிங் கம்பனிக்கோ காரில் பாத்தியதை இல்லை. அந்த இடத்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், விடுவிப்புக் கடிதம் கேட்டு யாரிடம் போவது? பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன் அந்த ஒரு வரியைப் பார்க்கவேண்டும்.

இலக்கம் எடுத்த நாள்

அடுத்த சனிக்கிழமை ஒரு போத்தல் மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பென்சில் எல்லாம் கொண்டு போனேன். பொனற்றைத் திறக்க அரை மணித்தியாலம் எடுத்தது. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருபத்துநாலு வருடம் நின்ற கார். கேபிளின் உள்கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது.

மொறிஸ் மைனருக்குத் தனிச் சஸி கிடையாது. உடம்புதான் சஸி. நாங்கள் சஸி இலக்கம் என்று சொல்வது பயர்வாலில் பூட்டிய தகட்டில் இருக்கிறது. பிரஷால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு மண் கரைந்து முதலில் ஒரு எம் தெரிந்தது, அப்புறம் ஏ, எஸ், 3. அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு. எம் என்றால் மொறிஸ், ஏ என்றால் ஏ-சீரிஸ் எஞ்சின், எஸ் என்றால் நான்கு கதவு. இரண்டு கதவாக இருந்தால் 2எஸ் என்று வந்திருக்கும். 3 என்பது மூன்றாம் தொடர். பின்னால் வந்த இலக்கங்களை அன்ரி புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார், நான் தகட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்து அச்சு எடுத்தோம். தகடு இருந்த இடத்தோடு சேர்த்துத் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்திலிருந்து ஒரு படம்.

எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே புளொக்கில் இருக்கும் தகட்டில். அதையும் துடைத்தேன். புத்தகத்தில் 9எம் என்று தொடங்கவேண்டிய இலக்கம், காரில் 10எம்ஏ என்று தொடங்கியது.

இது எழுத்துப் பிழை இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. 9எம் என்றால் 948 சீசீ எஞ்சின், 1960இல் மைனரில் வந்தது அதுதான். 10எம்ஏ என்றால் 1098 சீசீ, மைனருக்கு அது வந்தது 1962இல். 1960ஆம் ஆண்டுக் காருக்குள் அதற்குப் பிறகு பிறந்த எஞ்சின் இருந்தது. யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், புத்தகத்தில் பதியவில்லை.

"இவர் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் அன்ரி. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, இது களவு என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இப்படிச் செய்தவர்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஒரே மனிதர், நான்கு எழுத்துக்கூட்டல்

எஞ்சினை ஒரு பக்கம் வைத்துவிட்டு உரிமையை முதலில் எடுத்தோம். செத்தவர் பெயரில் இருக்கும் காருக்கு எஞ்சின் மாற்றம் கேட்டு யார் கையெழுத்து வைப்பது?

ஐயா மரணசாசனம் எழுதவில்லை. வாரிசுகள் மூவர்: அன்ரி, ரொறன்ரோ மகன், லண்டன் மகள். காரை யார் பெயரில் பதிவது என்பதில் மகனோடு கொஞ்சம் இழுபறி. காசு போடுவது தான், தன் பெயரில் இருக்கட்டும் என்றார். நான் அன்ரியின் பெயரில் வைக்கச் சொன்னேன். இங்கே இருப்பவர் அவர், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கையெழுத்து அவரிடம் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், அடையாள அட்டையும் விலாசமும் இங்கே உள்ளவை. மகள் உடனே சம்மதித்தார், பிறகு மகனும் சரி என்றார்.

பிள்ளைகள் இருவரும் தங்கள் பங்கைத் தாய்க்கு விட்டுக்கொடுப்பதாகச் சத்தியக்கடதாசி செய்தார்கள். வெளிநாட்டில் செய்வதால் மகன் ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்திலும் மகள் லண்டன் உயர்ஸ்தானிகராலயத்திலும் அத்தாட்சிப்படுத்தி அனுப்பினார்கள். இங்கே மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் கடிதம், திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் வாரிசு உறுதிப்படுத்தல் எல்லாம் சேர்ந்தன.

சேர்ந்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்கே உரிய பிரச்சினை வந்தது. ஐயாவின் பெயர் ‘மூர்த்தி’ என்று முடிகிறது. புத்தகத்தில் ஆங்கிலத்தில் எச் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். அடையாள அட்டையிலிருந்து எடுத்த எழுத்தில் எச் உண்டு. திருமணச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. மரணச் சான்றிதழ் தமிழில், அதில் முதலெழுத்துக்குப் பதில் தகப்பனின் முழுப்பெயர். தமிழில் வாசிக்கிற எங்களுக்கு எல்லாம் ஒருவர்தான். கோப்பைத் திறந்து பார்க்கிற, எங்கள் பெயர் முறை தெரியாத ஒருவருக்கு அங்கே நான்கு மனிதர்கள் இருக்கிறார்கள். அவரில் குறை சொல்ல எதுவும் இல்லை, மற்றவன் காரைச் சுருட்ட வருகிறவனும் இப்படித்தான் கடதாசி கொண்டுவருவான்.

ஆகவே நாங்களே முந்திக்கொண்டு, இந்த நான்கு பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் செய்தோம். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்பதை ஓரெழுத்தும் மாற்றாமல் வரிசையாக எழுதினேன். தமிழ் ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு இணைத்தோம். இந்த ஒரு கடதாசிக்காக நான் செலவழித்த இரண்டு இரவுகள் வீண்போகவில்லை. நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையிலிருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கோப்பை எடுத்த உத்தியோகத்தர் அதைத்தான் முதலில் வாசித்தார். பெயரைப் பற்றி வேறு கேள்வி வரவில்லை.

இந்தப் பெயர் மாற்றத்துக்குக் காரைக் கொண்டுபோக நேரவில்லை. அது தன்பாட்டில் வெள்ளவத்தையில் நின்றது.

எஞ்சின் எங்கிருந்து வந்தது

இதற்கிடையில் மகன் பார்த்துப் பேசிய கராஜ்காரர் ஒருவர் வந்து காரைப் பார்த்தார். எஞ்சின் இலக்கக் கதையைச் சொன்னதும், "அது ஒரு பிரச்சினையே இல்லை ஐயா. தகடு நாலு ரிவெட்டில நிக்குது. புத்தகத்தில இருக்கிற நம்பரை அடிச்சுப் புதுத் தகடு ஒண்டு போட்டுவிடுவம்" என்றார். சின்ன உதவி செய்கிற தொனியில்தான் சொன்னார்.

அதற்கு நான் சம்மதிக்கவில்லை, இனியும் யாருக்கும் சம்மதிக்கச் சொல்லமாட்டேன். எஞ்சின் மாறியிருப்பது மறைக்கவேண்டிய குற்றம் இல்லை, அறிவிக்கவேண்டிய விஷயம். இலக்கத்தை மாற்றி அடித்தால் அப்போதுதான் குற்றம் பிறக்கிறது. 948 என்று எழுதிய தகட்டை 1098 புளொக்கில் குத்தினால், மைனர் தெரிந்த எந்தப் பரிசோதகரும் காபரேட்டரையும் வார்ப்பு எழுத்துகளையும் பார்த்தே பிடித்துவிடுவார். பிறகு சரியாக இருக்கும் சஸி இலக்கத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஐம்பத்தைந்து வருடம் ஒழுங்காக வைத்திருந்த காரைக் கடைசி நாளில் கள்ளக் காராக்குவதா? அந்தக் கராஜுக்கு வேலை கொடுக்கவில்லை.

அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது வேண்டும். பெற்றோல் கணக்குக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு அன்ரியும் நானும் இரண்டு பின்னேரம் இருந்தோம். 1970இலிருந்து 77 வரை நாட்டில் இறக்குமதி இறுக்கமாக இருந்த காலம், கார் உதிரிப்பாகம் என்பது கனவு. கொப்பியிலும் அது தெரிகிறது. 1974 கடைசியில் எண்ணெய் குடிக்கிறது என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. 1975 மார்ச்சில் மூன்று கிழமைக்குப் பெற்றோல் கணக்கே இல்லை. அதற்குப் பிறகு திரும்பத் தொடங்கும் பக்கத்தில், பின்னட்டை உறைக்குள் செருகியபடி, நாலாக மடித்த ஒரு பற்றுச்சீட்டு.

கை எழுத்து. முத்திரை ஒட்டி அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து. விபத்தில் உடைந்த ஒரு மைனரின் எஞ்சினும் கியர்பெட்டியும் விற்றதாகவும், அந்தக் காரின் பதிவு இலக்கம் இன்னதென்றும், எஞ்சின் இலக்கம் இன்னதென்றும் எழுதியிருந்தது. நான் பென்சிலில் எடுத்த அச்சைப் பக்கத்தில் வைத்தேன். 10எம்ஏ, யு, எச், அப்புறம் வரும் எல்லா இலக்கமும் அதே. யு என்பது நடுவிலிருக்கும் கியர், எச் என்பது உயர் அழுத்தம். அன்ரி அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, "இது அவற்றை எழுத்து" என்றார். விற்றவருக்குப் பதிலாக ஐயாவே எழுதி, விற்றவரிடம் ஒப்பம் மட்டும் வாங்கியிருக்கிறார். புத்தகத்தில் பதியத்தான் அவருக்கு நேரமோ மனமோ வரவில்லை.

பற்றுச்சீட்டை ஸ்கான் பண்ணினோம். மூலப்பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். எஞ்சின் எந்தக் காரிலிருந்து, எந்த ஆண்டில், எப்படி வந்தது என்று அன்ரியின் பெயரில் ஒரு சத்தியக்கடதாசி. அதில் தெரிந்ததை மட்டும் எழுதினேன். அன்ரி 1975இல் அந்த எஞ்சினை ஏற்றும்போது பார்க்கவில்லை, ஆகவே பார்த்ததாக எழுதவில்லை. கணவரின் கையெழுத்தை அடையாளம் காண்கிறேன், இந்தச் சீட்டு அவருடைய கொப்பிக்குள் இருந்தது, இவ்வளவுதான்.

அன்ரியின் பெயரில் புத்தகம் வந்த பிறகே இந்த விண்ணப்பத்தைக் கொடுத்தோம். பரிசோதனைக்கு எஞ்சின் காருக்குள் இருக்கவேண்டும் என்பதால், டிங்கரிங் செய்ய வந்த புதிய கராஜ்காரரிடம் எஞ்சினை அதுவரை இறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். ஒரு கிழமை நாள் காலை கேரியரில் ஏற்றி, பரிசோதனை நடக்கும் வெரஹெரவுக்குப் போனோம். நாலு டயரும் காற்றில்லாமல் சப்பி இருந்ததால் முதல்நாளே பழைய சக்கரங்கள் நாலு இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். காரை உருட்ட முடியவேண்டும், கேரியரில் வேலை செய்யும் பிள்ளைகள் அதற்காக உங்களை வாழ்த்துவார்கள். பரிசோதகர் டோர்ச் அடித்து இரண்டு தகட்டையும் பார்த்தார், பற்றுச்சீட்டைப் பார்த்தார், முத்திரையை இன்னொரு தரம் பார்த்தார். எஞ்சின் இலக்கமும் 1098 என்ற கொள்ளளவும் புத்தகத்தில் ஏறின.

தகட்டுக்கு நேர இருந்தது

இதற்குப் பிறகே காரைக் கழற்றவிட்டேன். முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காகப் போகும் பெட்டிச் சட்டத்தின் இரண்டு முனையும் உக்கிப்போயிருந்தன, கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் தகரச் சட்டங்களும் அப்படியே. பயர்வாலை மணலடித்துப் பெயின்ட் பண்ணவேண்டும் என்பதால் சஸித் தகட்டைக் கழற்ற நேர்ந்தது. நான் சொல்லி வைத்திருந்தேன், தகட்டைக் கழற்றுகிற அன்று எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ என்று. சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துப் போனபோது பயர்வால் வெள்ளையாகப் பளபளக்கிறது, தகட்டைக் காணவில்லை.

கராஜ் முழுக்கத் தேடினோம். கடைசியில் வேலை பழகும் பொடியன் ஒருவன் கபேட்டுக்குக் கீழிருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்தான். சின்னத் திருகாணிகள், விளக்குப் பல்புகள், கிரீஸ், அதற்குள் எங்கள் தகடு. அந்தப் போத்தலை யாராவது குப்பையோடு கொட்டியிருந்தால்? எங்களிடம் படமும் பென்சில் அச்சும் பரிசோதனை அறிக்கையும் இருந்தன, ஆனால் அந்தத் தகடு வேறு ஒருவன் கையில் போயிருந்தால் அந்தக் கடதாசிகளால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தகட்டை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து, கார் இலக்கம் எழுதிய உறையில் போட்டு, அன்ரியின் அலுமாரியில் பூட்டினோம். காரில் அதைத் திரும்பப் பூட்டும் நாளில் நானே கொண்டுபோனேன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வாக்குவாதம். மகனுக்குச் சிவப்பு ஆசை. புத்தகத்தில் சாம்பல். மாற்றலாம், அதற்கும் விண்ணப்பம் உண்டு. சாம்பலே அடிப்போம் என்று நான் சொன்னேன், அன்ரியும் அதையே விரும்பினார். அதோடு முடிந்தது.

நின்ற வருடங்களின் கணக்கு

மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். ஓடாத கார்தானே, வரிப்பத்திரம் எதற்கு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சட்டப்படி காரை ஓட்டுவதற்கு மட்டும் அல்ல, வைத்திருப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஓட்டப்போவதில்லை என்றால் அதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். ஐயா 2000, 2001க்குக் கொடுத்த அறிவித்தலின் நகல்கள் பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தபடியால் அந்த இரண்டு வருடமும் கணக்கில் வரவில்லை. பிந்திய வருடங்களுக்கு நிலுவையும் தண்டமும் கட்டினோம். பின்திகதியிட்டு எதையும் கொடுக்க நாங்கள் முயலவில்லை. பழுதுபார்த்த காலத்துக்கு, அன்ரியின் பெயரில், பாவனையில் இல்லை என்ற அறிவித்தலை முறைப்படி கொடுத்து நகலில் திகதி முத்திரை வாங்கினோம்.

அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். காப்புறுதி ஒரு நாள் வேலை. புகைப் பரிசோதனைக்குத்தான் கார் தன் காலில் நிற்கவேண்டும். 2024 மேயில் எஞ்சின் முதல்தரம் பற்றிக்கொண்டது, ஜூனில் பரிசோதனைக்குப் போனோம், முதல்நாள் தோற்றோம். பெற்றோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. எஸ்.யு. காபரேட்டருக்கு அடியில் ஆறு முகமுள்ள ஒரு நட் இருக்கிறது, அதை மேலே திருகினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். கராஜ்காரர் ஒரு முகம் மேலே திருகினார், காதைக் கொடுத்துக் கேட்டார், இன்னொரு முகம். எஞ்சின் சத்தம் சமனாகியது. இரண்டாம் முறை தேறியது.

அந்தக் கிழமையே பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்தோம். முன்கண்ணாடியின் இடப்பக்க மூலையில் 1999ஆம் ஆண்டுத் துண்டு வெளிறிப்போய் இன்னும் ஒட்டியிருந்தது. சவர்க்காரத் தண்ணியில் நனைத்து அதை உரித்து, புதியதை அதே இடத்தில் வைத்தேன். அன்ரி பழைய துண்டைக் காயவைத்துப் பிஸ்கட் தகரத்துக்குள் பற்றுச்சீட்டோடு போட்டுவிட்டு, "தம்பி, காலி வீதியால ஒருக்கா ஓட்டிக் காட்டு" என்றார்.